போர்டில் ஸ்ட்ராப் இருந்தா பாதுகாப்பா... இல்லாட்டி சுதந்திரமா? கைட் சர்ஃபிங் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆடி மாசத்தில் பல்லடம், கேத்தனூர், உடுமலை பக்கம் பைக்கில் போனவர்களுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். சாலை ஓரத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதே பருவத்தில், கோவையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தள்ளி ராமேஸ்வரம் கடற்கரையில் வேறொரு காட்சி. வானத்தில் ராட்சதப் பட்டங்கள், அவற்றின் கயிற்றுக்குக் கீழே போர்டில் நின்றபடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஆட்கள். இதுதான் கைட் சர்ஃபிங்.

ரீல்ஸில் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் லீவு போட்டுக் கத்துக்கிட்டு வந்துடலாமா?" என்று யோசிப்பவர்கள் கொங்குப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் ஒன்று உண்டு. சிலருடைய போர்டில் காலை நுழைத்துக்கொள்ள வார் இருக்கிறது. சிலர் எதுவுமே இல்லாத மொட்டைப் போர்டில் சும்மா நிற்கிறார்கள். எது சரி? எது ஆபத்து?

ஸ்ட்ராப் என்றால் என்ன?

வீட்டில் போடும் செருப்பில் பாதத்துக்குக் குறுக்கே அகலமான ஒரு வார் போகுமே, அதேதான். போர்டின் மேல் இரண்டு இடங்களில் மெத்தென்ற திண்டு, அதற்கு மேல் வளைவாக ஒரு வார். காலை உள்ளே நுழைத்தால் ஸ்ட்ராப். உருவினால் வெளியே வந்துவிடும். பூட்டு எதுவும் கிடையாது.

கோவையில் ரேஸ் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 'கிளீட்' ஷூ தெரிந்திருக்கும். அது பெடலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். காலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். கைட் போர்டின் ஸ்ட்ராப் அப்படிப் பூட்டாது. இறுக்கத்தைச் சரியாக வைத்திருந்தால், விழும்போது கால் தானாகவே நழுவி வந்துவிட வேண்டும்.

அப்போ நம்மைப் போர்டில் நிறுத்தி வைப்பது எது?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஸ்ட்ராப் இல்லாட்டி காத்து ஆளைத் தூக்கிட்டுப் போயிடாதா?" என்று கேட்பார்கள்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதை நினைத்துப் பாருங்கள். எதிர் அணி இழுக்க இழுக்க, இந்தப் பக்கம் இருப்பவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள். அவர்கள் காலை யாரும் தரையோடு கட்டி வைப்பதில்லை. இழுவையும் ஊன்றலும் சமமாக இருப்பதால் ஆள் நிற்கிறார்.

கைட் சர்ஃபிங்கிலும் அதே கணக்குதான். இடுப்பில் கட்டிய ஹார்னஸ் வழியாகக் கைட் ஆளை இழுக்கிறது. ஆள் பின்னால் சாய்ந்து, குதிகாலால் போர்டின் விளிம்பைத் தண்ணீருக்குள் அழுத்துகிறார். தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த அழுத்தம் இருக்கும்வரை ஸ்ட்ராப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கால் போர்டை விட்டு நகராது.

ஆக, ஸ்ட்ராப் இல்லாமல் ஓட்டுவது மந்திரமில்லை. ஸ்ட்ராப் போட்டுக்கொண்டால் விழவே மாட்டோம் என்பதும் உண்மையில்லை.

அப்புறம் ஸ்ட்ராப் எதுக்கு?

மூன்று இடங்களில் அது கைகொடுக்கிறது.

முதலாவது, கிளம்பும்போது. புதிதாகக் கற்பவர் தண்ணீரில் மல்லாந்தபடி, ஒரு கையில் கைட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே காலைப் போர்டில் வைக்க வேண்டும். அலையில் ஆடும் போர்டு அங்கே இங்கே நழுவாமல் இருக்க ஸ்ட்ராப் பெரிய உதவி.

இரண்டாவது, தண்ணீர் கரடுமுரடாக இருக்கும்போது. காற்று அதிகமானால் கடலில் சின்னச் சின்ன அலைகள் எழும். ஸ்பீடு பிரேக்கர் வரிசையில் வண்டி ஓட்டுவதுபோல் போர்டு குதிக்கும். அப்போது ஸ்ட்ராப் காலையும் போர்டையும் ஒன்றாக வைத்திருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: குதிக்கும்போது. போர்டு தண்ணீரை விட்டு மேலே எழுந்ததும், காலை அழுத்தி வைத்திருந்த அந்த எதிர்விசை காணாமல் போகிறது. போர்டு கூடவே வர வேண்டும் என்றால் எதாவது பிடிமானம் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடக்கும் 'கிங் ஆஃப் தி ஏர்' போன்ற உயரம் தாண்டும் போட்டிகளில் பெரும்பாலானோர் ஸ்ட்ராப் போட்ட போர்டை எடுப்பதற்கு இதுதான் காரணம். இந்த விளையாட்டில் 30 மீட்டரைத் தாண்டிய குதிகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. கிட்டத்தட்ட பத்து மாடி உயரம்!

ஸ்ட்ராப் இல்லாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இதற்குப் போர்டின் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்ட்ராப் உள்ள சாதாரண போர்டுக்கு 'ட்வின் டிப்' என்று பெயர். பொதுவாக 130 முதல் 145 செ.மீ. நீளம், இரண்டு முனையும் ஒரே மாதிரி. வலது பக்கம் போய்விட்டு அப்படியே இடது பக்கம் திரும்பலாம். காலை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்ட்ராப் இல்லாமல் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அலைச்சறுக்குப் போர்டு எடுப்பார்கள். அதற்கு மூக்கு ஒன்று, வால் ஒன்று. ஒரு திசையில்தான் போகும். திசை மாற்றினால் முன்னங்காலைப் பின்னுக்கும் பின்னங்காலை முன்னுக்கும் மாற்ற வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் பிடி இல்லாமல் இடம் மாறி நிற்பது மாதிரி. ஆரம்பத்தில் பத்துக்கு ஒன்பது முறை தண்ணீருக்குள்தான்.

ஆனால் அலையில் ஏறியதும் இதன் அருமை தெரியும். அலையின் வேகத்துக்கு ஏற்ப முன்னங்காலை ஒரு சாண் முன்னால் வைக்கலாம், பின்னால் இழுக்கலாம், வாலில் மிதித்து வெட்டித் திரும்பலாம். ஸ்ட்ராப் இருந்தால் கால் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கும்.

இவர்கள் குதிக்கவே மாட்டார்களா என்றால், குதிப்பார்கள். மேலே எழும்பும்போது போர்டின் அடிப்பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டுவார்கள். காற்றே போர்டை உள்ளங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தேவைப்பட்டால் ஒரு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். கேப் வெர்டே தீவைச் சேர்ந்த மிட்டு மொன்டைரோ, 2008ல் உலக சாம்பியன் ஆனவர். இந்தப் பாணியை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர். இன்று 'ஸ்ட்ராப்லெஸ் ஃப்ரீஸ்டைல்' என்று தனிப் போட்டியே நடக்கிறது.

விழுந்தால் என்ன ஆகும்?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏனென்றால் கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் விழத்தான் போகிறார்கள்.

ஸ்ட்ராப் போட்டு விழுந்தால்: கால் சுலபமாகக் கழன்றுவிட்டால் பிரச்னை இல்லை. ஒரு கால் கழன்று மறு கால் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். போர்டு நெம்புகோல் மாதிரி திருகும். அந்த முறுக்கு நேராகக் கணுக்காலுக்கும் முட்டிக்கும் போகும். உயரத்திலிருந்து இறங்கும்போது இரண்டு காலும் ஒரே நிலையில் இருப்பதால், தப்பாக இறங்கினால் அடியும் முட்டிக்குத்தான்.

ஸ்ட்ராப் இல்லாமல் விழுந்தால்: கால் உடனே விடுபடும். முட்டிக்கு நிம்மதி. ஆனால் போர்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அலை அதைத் தூக்கி ஆள் மேலேயே போடலாம். அதன் அடியில் உள்ள ஃபின் கூர்மையானது. இல்லையென்றால், போர்டு காற்றின் போக்கில் மிதந்து போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்ட்ராப் நம்மை விழாமல் காப்பாற்றுவதில்லை. விழும்போது போர்டு காலோடு இருக்குமா, தனியாகப் போகுமா என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆபத்தின் வகைதான் வேறு.

போர்டைக் கயிற்றால் கட்டிக்கொள்ளலாமே?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை. சாதாரண அலைச்சறுக்கில் கணுக்காலில் கயிறு கட்டுகிறார்கள்தான். ஆனால் கைட்டில் அது வம்பு. ஆள் விழுந்த பிறகும் கைட் அவரை இழுத்துக்கொண்டே போகும். போர்டு தண்ணீரில் சிக்கிப் பின்தங்கும். ரப்பர் மாதிரி நீளும் கயிறு ஒரு கட்டத்தில் சுருங்க, போர்டு உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி பின்மண்டைக்குப் பறந்து வரும். அதனால்தான் பயிற்சியாளர்கள் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு வித்தையைக் கற்றுத் தருவார்கள். போர்டே இல்லாமல், ஒரு கையைத் தண்ணீரில் துடுப்பு மாதிரி நீட்டி, கைட்டின் இழுவையிலேயே காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போய், விட்ட போர்டைத் திரும்ப எடுப்பது. 'பாடி டிராக்' என்று பெயர். போர்டில் ஏறி நிற்பதற்கு முன்பே இதைப் பழகிவிட வேண்டும். இது வராமல் ஸ்ட்ராப் இல்லாத போர்டைத் தொடவே கூடாது.

ராமேஸ்வரத்துக்கு எது சரிப்படும்?

தமிழ்நாட்டில் கைட் சர்ஃபிங்குக்குப் பெயர்பெற்ற இடங்கள் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும். இங்கே இரண்டு சீசன் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. டிசம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வாக்கில் முடியும் வடகிழக்குக் காற்று.

ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதுதான் அதன் பலம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கரையில் அலை வரும். வடக்குப் பக்கம் தண்ணீர் தட்டையாக, பல இடங்களில் இடுப்பளவு ஆழத்தில் கிடக்கும். தட்டையான, ஆழமில்லாத தண்ணீர் என்றால் ஸ்ட்ராப் போட்ட ட்வின் டிப்தான் பொருத்தம். புதியவர்கள் இங்கே கற்பதும் அதில்தான்.

ஆனால் அதே வடக்குக் கரையில் ஒரு எச்சரிக்கை. தென்மேற்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கைவிட்ட போர்டு கரைக்கு வராது, கடலுக்குள்தான் போகும். அதைத் துரத்திக்கொண்டு ஆளும் போய்விடக் கூடாது. கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகியவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கிணற்றில் நாலு பக்கமும் சுவர் இருக்கும், கடலில் இல்லை.

இன்னொன்று, இது நாட்டுப்படகும் வலையும் உள்ள கடல். மண்டபம் பக்கம் கடற்பாசி வளர்ப்பும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் வருகின்றன. நினைத்த இடத்தில் போர்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது.

அலை வேண்டும், ஸ்ட்ராப் இல்லாமல் பழக வேண்டும் என்பவர்கள் இலங்கையின் கற்பிட்டியை விரும்புகிறார்கள். அங்கே களப்புக்குள் தட்டைத் தண்ணீர், வெளியே வந்தால் கடல் அலை, இரண்டும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஒலிம்பிக்கில் என்ன செய்தார்கள்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதல்முறையாக இடம்பெற்றது. மார்சேயில் நடந்த அந்தப் போட்டியில் ஆண்கள் பிரிவில் ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டஸும், பெண்கள் பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றனர். சிங்கப்பூரின் மாக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கினார்.

அவர்கள் ஓட்டியது தண்ணீருக்கு மேலே மிதந்து பறக்கும் ஃபாயில் போர்டு. அந்த வேகத்தில் காலின் நிலை இம்மி பிசகினாலும் போர்டு கவிழும் என்பதால் பந்தயக்காரர்கள் ஸ்ட்ராப் போடுகிறார்கள். அதே ஃபாயிலைப் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களில் பலர், விழுந்தால் போர்டை விட்டு விலக வசதியாக ஸ்ட்ராப் இல்லாமலே ஓட்டுகிறார்கள். வேலைக்குத் தகுந்த கருவி, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* முதல் போர்டு ஸ்ட்ராப் உள்ள ட்வின் டிப்பாக இருக்கட்டும். ஸ்ட்ராப் இல்லாத போர்டு, இரண்டு திசையிலும் நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகு.

* ஸ்ட்ராப்பில் கால் நுழைத்ததும் கட்டை விரல் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே இழுவையில் கால் வெளியே வரவும் வேண்டும். வரவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

* சிப்பியும் பாறையும் உள்ள இடத்தில் ரப்பர் ஷூ போடச் சொல்வார்கள். ஷூ போட்டதும் பாதம் தடிக்கும். வெறுங்காலுக்கு வைத்த அளவு அப்போது சிக்கிக்கொள்ளும். கரையிலேயே ஒருமுறை மாட்டி, கழற்றிப் பாருங்கள்.

* ஏற்கெனவே முட்டியிலோ கணுக்காலிலோ காயம் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயிற்சியாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

* ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இரண்டும் கட்டாயம். மீட்புப் படகு இருக்கிறதா, பயிற்சியாளருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

* ஆபத்து வந்தால் போர்டை விட்டுவிடுங்கள். கைட்டின் இழுவையை உடனே துண்டிக்கும் 'குயிக் ரிலீஸ்' எங்கே இருக்கிறது, எப்படித் தள்ள வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆள் பறப்பதில் ஆச்சரியம் இல்லை. பறந்தவர் பத்திரமாக இறங்கி, மறுநாள் காலையிலும் வலியில்லாமல் நடந்து போய்ப் போர்டை எடுக்க வேண்டும். கரையில் ஸ்ட்ராப்பைச் சரிபார்க்கச் செலவாகும் அந்த இரண்டு நிமிடம் அதற்காகத்தான்.