உழைப்பை எழுதும் ஒளி

நுழையும்முன்

கைபேசி வைத்திருப்போர் அனைவரும் இன்று படம் எடுக்கின்றனர். அவற்றுள் மறுமுறை பார்க்கத் தோன்றும் படங்கள் மிகச் சிலவே. கருவியைக் கையாளும் நுட்பமும் காட்சியைத் தேரும் பார்வையும் எங்கே ஒன்றுகூடுகின்றன என்பதைத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இராமாநுசர் பிறந்த ஊராகப் போற்றப்படும் திருப்பெரும்புதூர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்த இப்பகுதியின் முகம் கால் நூற்றாண்டிற்குள் மாறிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடத்தில் மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர வண்டி ஆலைகள் எழுந்தன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விஞ்சும் எண்ணிக்கை இது.

இங்கு உருவாகும் பொருள்களின் படங்கள் உலகெங்கும் விளம்பரங்களில் மின்னுகின்றன. அவற்றை உருவாக்கியவர்களின் படங்களோ அரிதாகவே காணக் கிடைக்கின்றன. 2006இல் இங்குத் தொடங்கப்பட்ட நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. கட்டடம் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அங்கு நின்று பணியாற்றிய இளம்பெண்கள் பல ஊர்களுக்குக் கலைந்து சென்றனர். ஆலைகள் பெரும்பாலானவற்றின் உள்ளே படம் எடுக்க இசைவு கிடைப்பதில்லை. ஆகவே, ஒளிப்படக் கலைஞருக்கு எஞ்சியிருப்பவை சாலை, பேருந்து நிறுத்தம், தேநீர்க் கடை, விடுதி வாயில் ஆகியவையே. இவை போதுமா? பார்க்கத் தெரிந்தவருக்குப் போதும்.

விடியலின் கணக்கு

காலை முறைப்பணிக்குச் செல்வோரை ஏற்றிக்கொள்ள, இருள் பிரியுமுன்னரே ஆலைப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. ஒளி குறைந்த அந்நேரத்தில் கருவிக்குள் செல்லும் ஒளியை மூன்று வழிகளில் கட்டுப்படுத்தலாம். வில்லையின் ஒளித்துளையை அகலமாக்கலாம். மூடுதிரை என்னும் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம். ஒளியுணர் திறனை உயர்த்தலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. துளை அகன்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். உணர்திறன் உயர்ந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

மூடுதிரையின் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒருவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்க. ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின் அவர் நகர்வது 6 மில்லிமீட்டர். உருவம் தெளிவாக அமையும். 15இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், உருவம் கலங்கும். இந்தக் கலங்கலைப் பிழையென்றே தொடக்கநிலையினர் கருதுவர். ஆனால், கருவியைச் சுற்றுச்சுவரின் மேல் அசையாது வைத்து, அதே மெதுவான வேகத்தில், பேருந்துக்காக அசையாமல் நிற்கும் பெண்ணைப் படம் எடுத்தால் என்ன நிகழும்? பின்னே விரையும் வண்டிகள் ஒளிக்கோடுகளாக உருகும்; அவர் மட்டும் தெளிவாக நிற்பார். தொழிற்பகுதியின் வேகமும் அதனிடையே ஒருவரது காத்திருப்பும் ஒரே சட்டத்துள் அடங்கும். எந்த வேகத்தைத் தேர்வது என்பது கருவியின் வினா. எதைச் சொல்வதற்கு என்பது மனத்தின் வினா. இரண்டாவது வினாவுக்கு விடை காணாமல் முதல் வினாவைத் தீர்க்க இயலாது.

பெரும்பாலான கைபேசிகளில் ஒளித்துளை மாறாத அளவுடையது. இதனைக் குறையெனக் கருத வேண்டுவதில்லை. நேரமும் தொலைவும் திசையும் நம் கையிலேயே உள்ளன. உதிக்கும் கதிரவனுக்கு எதிரே நிற்பவரைப் படம் எடுக்கும்போது திரையில் வானத்தைத் தொட்டால் அவர் நிழலுருவாவார்; முகத்தைத் தொட்டால் முகம் துலங்கி வானம் வெளிறும். திரையில் விரல்களை விரித்துக் காட்சியைப் பெரிதாக்குவதைவிட, நான்கடி முன்னே நடப்பது நன்று. நடந்து சென்றால் பேசவும் நேரிடும்.

பொறியும் மனிதரும்

உழைப்பைப் படம் எடுத்தோருள் அமெரிக்கரான லூயி ஹைன் தனித்துக் கருதத்தக்கவர். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காகப் பஞ்சாலைகளையும் சுரங்கங்களையும் தேடிச் சென்றார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என அளந்து வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒப்பிட்டுச் சிறுவர்களின் உயரத்தைக் கணித்தார். 1920இல் அவர் எடுத்த மின்நிலையத் தொழிலாளியின் படம் உலகப் புகழ் பெற்றது. வட்டப் பொறியின் வளைவுக்குள், கையில் திருகியுடன் ஓர் உழைப்பாளி குனிந்து நிற்கிறார்; அவர் முதுகின் வளைவும் பொறியின் வளைவும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. அது தற்செயலாக அமைந்த காட்சியன்று. தொழிலாளியை அவ்வாறு நிற்கச் செய்தே எடுத்தார். அதனால் அப்படம் பொய்யாகிவிடுமா என்ற வாதம் இன்றும் உண்டு. அவர் அன்றாடம் செய்த வேலையின் உருவத்தையே அது காட்டுகிறது என்பதால், அதைப் பொய்யெனத் தள்ளுவது பொருந்தாது.

தமிழ்நாட்டில் இவ்வழியில் குறிப்பிடத்தக்கவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார். மீன் விற்கும் தாயின் மகனான இவர், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் கடற்பாசி சேகரிக்கும் பெண்களின் உழைப்பையும் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார். ஆவண ஒளிப்படத்திற்கான தயானிதா சிங் – பாரி விருதினை 2022இல் முதன்முதலாகப் பெற்றவர் இவரே. உழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கருவியைக் கொடுத்துப் பயிற்றுவித்தும் வருகிறார். அக்குழந்தைகளுக்குத் தம் வீட்டு வாசலே களம். வெளியார் எவரும் நுழைய முடியாத நெருக்கம் அவர்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

கேட்டுப் பெறும் படம்

பொது இடத்தில் நிற்பவர் என்பதனாலேயே ஒருவர் படத்திற்கு இசைந்தவர் ஆகிவிடுவதில்லை. படம் வெளியானால் வேலைக்கு ஊறு நேருமா, ஊரிலுள்ள வீட்டார் வருந்துவரா என்பன அவர் மட்டுமே அறிந்தவை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயரும் பணி எண்ணும் இருக்கும்; அதைத் திருப்பிவிடச் சொல்வது எளிய முன்னெச்சரிக்கை. முகம் வேண்டா என்று அவர் சொன்னால் கைகள் இருக்கின்றன. இரவுப்பணி முடித்துத் தேநீர்க் குவளையைப் பற்றியிருக்கும் விரல்களும், பேருந்துச் சன்னலில் சாய்ந்து உறங்கும் தலையின் நிழலும் முகத்தினும் மிகுதியாகப் பேசுவதுண்டு. மறுப்பிலிருந்து பிறந்த நல்ல படங்கள் பல.

எடுத்தவற்றுள் தேர்வது தனிக் கலை. நூறு படங்களில் ஆறு தேறினால் அது நல்ல நாள். தேறிய ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், நேரம், செய்யும் வேலை, சொந்த ஊர் ஆகியவற்றை, அவர் இசைந்த அளவில், அன்றே எழுதிவைத்தல் வேண்டும். ஹைன் அக்குழுவுக்காக எடுத்தவற்றுள் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. அவற்றிலுள்ள சிறுவர் யார், எந்த ஆலையில் என்ன வேலை செய்தனர் என்பதை நூறாண்டுகள் கடந்தும் அறிய முடிவது, அவர் உடனுக்குடன் எழுதிவைத்த குறிப்புகளால்தான்.