பெருமாநல்லூர் தோட்டாவும் சாமளாபுரம் அறையும்

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் போராட்டம் என்று பேச்செடுத்தால், எங்கே சுற்றினாலும் கடைசியில் கரண்டு பில்லில் வந்து நிற்கும். 1970இல் அது கிணற்று மோட்டாருக்கான பில். இன்று தறிக்கான பில். நடுவில், 2017இல், பில்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மதுக்கடைக்காகவும் இங்கே தடி சுழன்றது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மாறியது என்ன, மாறாதது என்ன என்று பார்க்க இந்த வட்டாரமே போதும்.

1970 ஜூன் 19. அவிநாசிக்கு அந்தப் பக்கம் உள்ள பெருமாநல்லூர், அன்றைக்குக் கோவை மாவட்டம். விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்து மறியலுக்குத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். அவர்கள் கேட்டது யூனிட்டுக்கு ஒரு பைசா குறைப்பு. வெளியூர்க்காரருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஒரு பைசாவுக்காகவா உயிரை விட்டார்கள்? கொங்கு நாட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். இங்கே காவிரிப் பாசனம் பார்த்த காடுகள் குறைவு. பாறையைக் குடைந்து இறக்கிய கிணறுதான் வெள்ளாமைக்கு ஆதாரம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் போய், பைக்காரா மின்சாரம் வந்தபின் வீட்டுக்கு வீடு மோட்டார் இறங்கியது. மோட்டார் இறங்கியதும் நீர்மட்டமும் இறங்கியது. நீர் இறங்க இறங்க அதே வயலுக்கு மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டும். ஆக அரசு ஏற்றியது ஒரு கட்டணம், பூமி ஏற்றியது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பில்லில் வந்து உட்கார்ந்தன.

அந்தக் கோபத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு. 1972இல் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திச் சாலைகளை அடைத்தார்கள். மாடும் வண்டியும் தெருவை நிறைத்துவிட்டால் அதிகாரி யாரைப் பிடிப்பார், எதைத் தூக்குவார்? அதே ஆண்டு ஜூலை 5 போராட்டத்தில் மாநிலத்தின் வேறு ஊர்களில் மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. விவசாயச் சங்கங்கள் ஜூலை 5ஐ உழவர் தினமாக அனுசரிப்பது அதனால்தான். 1984 டிசம்பரில் நாயுடு காலமானார். 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. இலவசம் என்று இன்று முகம் சுளிப்பவர்கள் அதற்குக் கொடுத்த விலையை ஒருதரம் பெருமாநல்லூர் நினைவுத் தூணுக்குப் போய்ப் பார்த்து வரலாம்.

பெருமாநல்லூரில் அன்று போலீஸ் சுட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அங்கே நின்றவர்கள் மட்டும். மறுநாள் பத்திரிகையில் வந்தது அரசாங்கம் சொன்ன கணக்கு. நேரில் நின்றவர் வாய்வழியாகச் சொன்னது சந்தைக்குச் சந்தை, ஊருக்கு ஊர் போய்ச் சேர நாள் பிடித்தது.

கிணறு கைவிட்ட பிறகு சோமனூர் வட்டாரம் தறிக்கு மாறியது. மாடு கட்டிய சாளையை அடைத்து நாலு தறி போட்டவர்கள் எத்தனையோ பேர். சொந்தமாக நூல் வாங்க முதல் கிடையாது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். இவர் நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இப்படி லட்சக்கணக்கான தறிகளின் சத்தத்தில்தான் ஊர் விடிகிறது. தறி சத்தம் நின்றால் அது பண்டிகை, இல்லாவிட்டால் போராட்டம்.

இனி சாமளாபுரம். சோமனூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். நொய்யல் கரை ஊர், மாவட்டம் மட்டும் திருப்பூர். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. மூடிய கடைகளை நெடுஞ்சாலையிலிருந்து விலக்கி ஊருக்குள் கொண்டுபோக நிர்வாகம் அவசரப்பட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் கடை வருகிறது என்று தெரிந்ததும் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். சாமளாபுரத்தில் ஏப்ரல் 11 அன்று மணிக்கணக்கில் மறியல். சாயங்காலம் தடியடி.

அதில் ஒரு காட்சியை ஊர் உலகமே பார்த்தது. கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. யார் கையிலும் கல் இல்லை, கம்பு இல்லை. திருப்பூர் ஏ.டி.எஸ்.பி. பாண்டியராஜன் ஒரு பெண்ணின் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். காதும் கன்னமும் சேர்ந்து வாங்கிய அறை. காது சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு அந்தப் பெண் சொன்னார். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க அந்த அறை எந்த வகையில் உதவியது என்பதற்கு இன்றுவரை நியாயமான பதில் ஒன்றை நான் கேட்டதில்லை. அது கோபத்தின் அறை. எதிர்த்து நின்ற பெண்ணுக்கு இடம் காட்டும் அறை.

பெருமாநல்லூருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கைப்பேசிதான். அன்றிரவே தொலைக்காட்சிகள் திருப்பித் திருப்பி ஓட்டின. கட்சித் தலைவர்கள் கண்டித்தார்கள், நீதிமன்றம் கேள்வி கேட்டது. இத்தனை சாட்சி இருந்தால் என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது வேறு. சில மாதங்களிலேயே அவர் எஸ்.பி.யாகப் பதவி உயர்ந்தார். 2019இல் பொள்ளாச்சி பாலியல் கொடுமை வழக்கு வெடித்தபோது கோவை மாவட்ட எஸ்.பி. அவரேதான். சோமனூரும் அவர் அதிகாரத்தின் கீழ் இருந்தது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளியானதற்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் இந்த மாவட்டம் அவரைவிட்டு நகர்ந்தது, அல்லது அவர் மாவட்டத்தைவிட்டு.

கேமரா எல்லோரையும் பார்க்க வைத்தது. கணக்குத் தீர்க்க வைக்கவில்லை. இதற்குக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 132ஆம் பிரிவு என்று ஒன்று. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகப் போலீஸ்காரர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். 1970இல் பெருமாநல்லூரில் அந்தச் சட்டம்தான் அமலில் இருந்தது. 1973இல் புதுச் சட்டம் வந்தது. எண்ணைக்கூட மாற்றாமல் அதே 132. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. இப்போது எண் 151. அடிமைச் சட்டங்களைத் தூக்கி எறிந்தோம் என்று மேடை போட்டுச் சொன்னவர்கள், இந்தப் பாதுகாப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைக் கொன்ற துப்பாக்கிச் சூட்டை விசாரித்து, 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்க அருணா ஜெகதீசன் ஆணையம் பரிந்துரைத்தும், 2022 அக்டோபரில் அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கே வந்தும், செத்தவர்களின் வீட்டார் இன்னும் நீதி கேட்டு நடக்கிறார்கள்.

எல்லாப் போராட்டத்திலும் தடி இறங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022இலும் 2025இலும் கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் உண்ணாவிரதம்வரை போனது. அங்கே அரசு நடுவர் வேடம் போட்டு மேசைக்கு அழைத்தது. நாள் கடத்தியதே தவிர அடிக்கவில்லை. கூலிப் போராட்டத்தில் தறிக்காரர் கோபம் உற்பத்தியாளர் மேல். அரசின் கல்லாவை அது தொடவில்லை. மதுக்கடையோ நேராகக் கல்லா. 2024-25இல் டாஸ்மாக் வருமானம் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மின்கட்டணமும் அப்படித்தான் இருந்தது அன்று. அரசுக்குச் சேர வேண்டிய காசில் கைவைக்கும் போராட்டம் என்றால் அதற்குப் பொறுமை சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பது என் கணிப்பு.

கோபப்படுகிறவர்களும் மாறிவிட்டார்கள். அன்று பச்சைத் துண்டு, சங்கம், தலைவர் சொன்னால் உட்காரும் கூட்டம். சாமளாபுரத்தில் தலைவர் என்று யாருமில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். பேச்சு நடத்த ஆள் இல்லாத கூட்டத்தைப் பார்த்தால் அதிகாரிக்குப் பதற்றம் வரும். அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பதற்றத்தில் அடித்தவர்கள் கூட்டத்தை அடக்கிய கதை குறைவு. 2022இல் இலங்கை, 2024இல் வங்கதேசம், 2025 செப்டம்பரில் நேபாளம். சுட்ட பிறகு கூட்டம் பெருகியது. வங்கதேசத்திலும் நேபாளத்திலும் பிரதமர்களே பதவியை விட்டார்கள். பெருமாநல்லூரும் இதைத்தான் காட்டியது. மூன்று பேர் விழுந்த பிறகுதான் நாயுடு பின்னால் மாநிலமே திரண்டது.

151ஆம் பிரிவின்கீழ் மாநிலப் போலீஸ்காரர் மீது வழக்கு நடத்த அனுமதி தர வேண்டியது மாநில அரசுதான். டெல்லியைக் கை காட்டித் தப்ப முடியாது. சோமனூர் இருக்கும் சூலூர்த் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சி வேட்டி கட்டி வந்தாலும் சரி, வாசலில் நிறுத்தி ஒன்றைக் கேளுங்கள்: அடுத்த முறை இங்கே ஒருவர் அடிபட்டால், அடித்தவர் மீது வழக்கு நடத்த மூன்று மாதத்துக்குள் அனுமதி தருவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.