சாயமில்லாத நீலம்

மழை பெய்து நாலு நாள் கழிந்தால் போதும், வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கானாவாழை தலைகாட்டிவிடும். களையெடுப்பவர்களுக்கு அது தீராத தொல்லை. பிடுங்கி எறிந்த தண்டு ஈரம் கண்ட இடத்தில் மறுபடி வேர்பிடிக்கும். அதன் சின்னஞ்சிறு நீலப் பூவைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இதழ்கள் சுருண்டு கூழாகிவிடும்.

இந்தச் செடியின் கிழக்காசிய உறவுக்காரச் செடி ஒன்றில் அந்த நீலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு ஆந்தோசயனின் மூலக்கூறுகள், ஆறு ஃபிளேவோன் மூலக்கூறுகள், இரண்டு மக்னீசிய அயனிகள் எல்லாம் சேர்ந்து கட்டிய கூட்டுப்பொருள் அது. ஜப்பானில் பட்டுத்துணிக்குச் சாயமேற்றும் கலைஞர்கள் அந்தப் பூச்சாற்றால்தான் முதலில் கோட்டுருவம் வரைவார்கள். வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசினால் கோடு தடமில்லாமல் போய்விடும். நிற்காத சாயம் என்பதுதான் அதற்கு அங்கே உள்ள மதிப்பு.

இதே கானாவாழைக் குடும்பத்தில், ஆப்பிரிக்கக் காட்டுக்குள் வாழும் ஒரு செடி இதற்கு நேர் எதிரான நீலத்தைச் செய்கிறது. பெயர் பொல்லியா கண்டென்சாட்டா. அதன் பழங்களில் சில பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறிக்கப்பட்டு உலர்தாவரத் தாள்களில் ஒட்டப்பட்டவை. இலைகள் பழுப்பேறிச் சருகாகிவிட்டன; பழம் மட்டும் நேற்றுப் பறித்ததுபோல் மின்னுகிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1974-இல் கானா நாட்டிலிருந்து வந்த பழங்கள் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அவையும் அப்படியே. நீலம் கரையவில்லை, ஏனென்றால் கரைவதற்கு அங்கே நீலச்சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை.

பொல்லியா என்ற பேரினத்தை 1781-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சுவீடனின் கார்ல் பீட்டர் துன்பெர்க். ஜப்பானில் அவர் கண்ட செடிதான் அதன் முதல் இனம். நாம் பேசும் ஆப்பிரிக்க இனத்தை 1881-இல் விவரித்தவர், வங்காளத்தில் கல்வித்துறை ஆய்வாளராக இருந்துகொண்டே செடிகளைத் தேடி அலைந்த சார்லஸ் பாரன் கிளார்க். ஏறத்தாழ இருபது இனங்கள் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி என்று பரவிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் எப்படியோ பனாமாவில். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் பொல்லியா செகுண்டிஃப்ளோரா உண்டு. எல்லாமே பெருமரங்களுக்குக் கீழே நிழலில் வாழ்பவை. அங்கே மேலே விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும்.

அந்த இருட்டில் விதை பரப்ப வேண்டுமானால் பறவையின் கண்ணில் பட வேண்டும். பூவின் நீலத்துக்குக் காலைப் பொழுது போதும், வண்டு வந்து போனால் வேலை முடிந்தது. பழத்தின் நீலம் காத்திருக்க வேண்டும். பறவை இன்று வரலாம், அடுத்த மாதம் வரலாம். வெளிறிப்போகும் சாயம் இதற்கு உதவாது. இந்த இடத்தில் பொல்லியா காட்டும் சிக்கனம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அதன் பழம் சுமார் ஐந்து மில்லிமீட்டர் உருண்டை. கொத்துக்கு நாற்பது வரை இருக்கும். உள்ளே சதை இல்லை, சாறு இல்லை, இனிப்பு இல்லை. காய்ந்த விதைகள் மட்டும். அதே காட்டில், காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த சைக்கோட்ரியா பெடங்குலாரிஸ் என்ற செடி நீல நிறத்தில் சதைப்பற்றுள்ள உண்மையான பழம் தருகிறது. அதைத் தின்று பழகிய பறவையைப் பொல்லியா ஏய்க்கிறது என்பது ஆய்வாளர்களின் ஒரு கருத்து. பளபளப்புக்காகவே கூடு அலங்கரிக்கப் பறவைகள் தூக்கிச் செல்லலாம் என்பது இன்னொன்று. மேற்கு உகாண்டாவில் மனிதர்களும் இதை அலங்காரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே இரண்டாவது கருத்தை நான் சட்டென்று ஒதுக்கமாட்டேன்.

கேம்பிரிட்ஜின் சில்வியா விக்னோலினி, பெவர்லி குளோவர், உல்ரிக் ஸ்டைனர், கியூவின் பௌலா ருடால் முதலானோர் 2012-இல் இந்தப் பழத்தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து வெளியிட்ட முடிவு இதுதான்: அந்த நீலம் செல்லுலோஸ். அதாவது பஞ்சும் காகிதமும் எதனால் ஆனவையோ அதே பொருள், தன்னளவில் நிறமே இல்லாதது.

தோலின் மேல் வழவழப்பான மெழுகுப் படலம். அதன் கீழே மூன்று நான்கு அடுக்குத் தடித்த செல்கள். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் செல்லுலோஸ் இழைகள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தளமும் கீழுள்ளதைவிடச் சற்றே திரும்பி நிற்கும், சுழல் மாடிப்படி போல. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு உயரம். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் நீலம்தான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் நீல ஒளி ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வருகிறது. மற்ற நிறங்கள் உள்ளே போய், அடியில் உள்ள பழுப்புநிறச் செல்களில் அடங்கிவிடுகின்றன. அந்தக் கருமை இல்லாவிட்டால் நீலம் இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

எல்லாச் செல்லிலும் சுற்று ஒரே அளவில் இல்லை. சற்றுப் பெரிதானால் அந்தச் செல் பச்சை, இன்னும் பெரிதானால் சிவப்பு. உருப்பெருக்கிப் பார்த்தால் பழத்தோல் புள்ளிப் புள்ளியாக வண்ணம் வைத்த ஓவியமாகத் தெரிகிறது. தள்ளி நின்றால் நீலம்தான், ஆனால் உயிரோடு சிமிட்டும் நீலம்.

வெள்ளி பூசிய கண்ணாடி திருப்பியனுப்பும் ஒளியில் சுமார் 30 சதவீதத்தை இந்தப் பழம் திருப்பியனுப்புகிறது. அதுவரை விவரிக்கப்பட்டிருந்த எந்த உயிர்ப்பொருளிலும் இத்தனை தீவிரம் இல்லை. முப்பது என்பது குறைவாகப் படலாம். ஆனால் இடப்பக்கம் சுழலும் படிக்கட்டு, அதே பக்கம் சுழன்றபடி செல்லும் இடம்சுழி ஒளியை மட்டுமே திருப்பும். சாதாரண வெளிச்சத்தில் அது பாதிதான். பொல்லியாவில் சில செல்கள் இடம்சுழி, பக்கத்துச் செல்லே வலம்சுழியாக இருக்கலாம். முப்பரிமாணப் படத்துக்குத் திரையரங்கில் தரும் வட்டமுனைவாக்கக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி உருப்பெருக்கியில் பார்த்தால் ஒளிரும் செல்கள், கண்ணை மாற்றினால் மங்கிவிடும்.

இப்படி அமைப்பால் பிறக்கும் நிறம் நமக்குப் புதிதல்ல. மயில்தோகையின் வண்ணமும் அமைப்புதான். ருத்திராட்சக் கொட்டையைக் கழுத்தில் கட்டுகிறோம். அதைப் போர்த்தியிருக்கும் பழம் பளிச்சென்ற நீலம் என்பதைப் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்கும் சாயம் காரணமில்லை, தோல்செல்களில் உள்ள அடுக்குதான் காரணம் என்று 1991-இல் டேவிட் லீ காட்டினார். அங்கே சதை உண்டு, ஏமாற்று இல்லை. நம் மலைக்காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியின் கருநீலப் பழத்தில் கூடக் கொழுப்புத் துகள்கள் இதே வேலையைச் செய்கின்றன.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது விக்னோலினியின் குழு இதையே தொழிலாக்கப் பார்த்தது. மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நுண்படிகங்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றிக் காயவிட்டால், அவை தாமாகவே சுருளாக அமைந்து நிறம் காட்டும் படலமாகின்றன. அதைப் பொடித்தால் ஜிகினா. 2021-இல் இதை நீண்ட சுருள்களாகவே தயாரித்துக் காட்டினார்கள். 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளுக்குத் தடை விதிக்கத் தொடங்கிவிட்டதால் இதற்குச் சந்தையும் உண்டு. ஆனால் தாமாக அமையும் அந்தப் படிகங்கள் எப்போதும் இடப்பக்கமே சுழலும். வலம்சுழி நிறம் வேண்டுமென்றால் வேறு உத்தி தேட வேண்டும். கானாக் காட்டின் நிழலில், செடி ஒன்று இரண்டையும் அடுத்தடுத்த செல்களில் நெய்து வைத்திருக்கிறது.