வெயிலில் அடுப்பைத் தணிக்கும் நத்தை
ஓதக்கரை உயிர்கள் – 9

போன வாரம் பார்த்த சிப்பிகளுக்கு ஒரு வசதி உண்டு. ஓதம் வற்றினால் சில மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், தண்ணீர் திரும்பி வந்துவிடும். இந்த வார நத்தைக்கு அந்த நிச்சயம் கிடையாது. ஏற்றத்தின்போதுகூட அலை எட்டாத பாறை விளிம்புதான் அதன் வீடு. சாரல் தெறித்தாலோ மழை பெய்தாலோதான் நனையும். சில சமயம் வாரக்கணக்கில் நனையாமலே போகும்.

பெயர் எக்கினோலிட்டோரினா மலக்கானா. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஓடெல்லாம் முத்து முத்தாகப் புடைப்புகள். புருணையின் கடலோரத்தில் இது ஒட்டியிருக்கும் பாறை, நடுப்பகலில் 50 டிகிரி செல்சியஸ் வரை சுடும். நாம் வெறுங்காலை வைத்தால் துள்ளிக் குதிப்போம்.

குனிந்து பார்த்தால் அது உட்கார்ந்திருக்கும் விதமே விசித்திரமாக இருக்கும். காலை முழுக்க உள்ளே இழுத்து, மூடியால் வாசலை அடைத்திருக்கும். ஓட்டின் உதட்டோரம் மட்டும் பாறையில் பட்டிருக்க, காய்ந்த சளி இழை ஒன்று அதைப் பிடித்திருக்கும். விரலால் சுண்டினால் உதிர்ந்துவிடும். ஆனாலும் அப்படித்தான் நிற்கிறது. பாறையைத் தொடும் பரப்பு குறைந்தால் ஏறும் சூடும் குறையும் அல்லவா? சில நத்தைகள் இன்னொன்றின் முதுகில் ஏறி நின்றுகொள்வதும் உண்டு.

வெயிலைவிடப் பெரிய சிக்கல் வயிறு. பாறைமேல் படியும் நுண்பாசியைச் சுரண்டித் தின்னும் பிராணி இது. ஈரம் இல்லாமல் நகர முடியாது. நகராவிட்டால் தீனி இல்லை. அதாவது வெயிலும் பட்டினியும் ஒன்றாகவே வருகின்றன. வரும்படி நின்றுபோன வீட்டில் அடுப்பு மட்டும் கொழுந்துவிட்டு எரிந்தால் என்ன ஆகும்?

பாடப்புத்தகம் சொல்வது, எரிந்துதான் தீரும் என்று. தன் உடல் சூட்டைத் தானே பராமரிக்க முடியாத உயிர்களில், வெப்பம் 10 டிகிரி ஏறினால் வளர்சிதைமாற்றம் இரண்டு மூன்று மடங்காகும் என்று படித்திருப்போம். அமெரிக்கச் சூழலியலாளர் ஜேம்ஸ் பிரவுனும் அவருடைய சகாக்களும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எல்லா உயிர்களுக்குமான விதியாகவே எழுதினார்கள். வெப்பத்தோடு வேகம் எவ்வளவு ஏறும் என்பதற்கு அவர்கள் சொன்ன அளவு 0.6 முதல் 0.7 எலக்ட்ரான் வோல்ட் வரை.

புருணைப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மார்ஷலும் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டோபர் மெக்வெய்டும் இந்த நத்தையை வைத்து அளந்து பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு: 0.05 முதல் மைனஸ் 0.43 வரை. கழித்தல் குறியைக் கவனியுங்கள். 30இலிருந்து 40 டிகிரிக்குச் சூடு ஏற ஏற, எரிப்பு பல சமயம் குறைந்திருக்கிறது! எத்தனை நாளாக ஓய்வில் கிடக்கிறது, ஓட்டுக்குள் அடைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறியது. விதி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வேதியியலின் கையில் இருப்பதாக நாம் நினைத்திருந்த திருகு, ஓரளவாவது நத்தையின் கையிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

திருகை எப்படித் தணிப்பது? இதன் தூரத்து உறவான ஐரோப்பியக் கரை நத்தையை ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் வைத்துக் கனடாவின் கென்னத் ஸ்டோரி ஆராய்ந்தார். சர்க்கரையை உடைக்கும் பாதையில் பைருவேட் கைனேஸ் என்று ஒரு நொதி. அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் வேலை மந்தமாகிறது. பிய்த்து எடுத்தால் பழைய வேகம் வந்துவிடுகிறது. நொதியை அழித்துவிட்டு மறுபடி கட்டும் செலவு மிச்சம். பஞ்சகாலத்துச் சிக்கனம் என்றால் இதுதான்.

தணிந்து கிடக்கும்போது கருவிகள் உருக்குலையவும் கூடாது. பல கடல் மெல்லுடலிகளின் மேலேட் டிஹைட்ரஜனேஸ் நொதியை டாங் யுன்வெய், ஜார்ஜ் சொமேரோ குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெப்பமான இடத்தில் வாழும் இனங்களின் நொதி சூட்டில் எளிதில் குலைவதில்லை. நம் நத்தையினுடையது அவற்றில் முன்வரிசை.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 46 டிகிரியைத் தாண்டினால் இதயத்துடிப்பு மறுபடி எகிறுகிறது. குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் தேவைப்படும் கட்டம் அது, அவற்றைத் தயாரிக்கக் கைச்சேமிப்பை எடுத்தாக வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சாவு.

புவி வெப்பமாதல் பற்றிய செய்திகளில் எப்போதும் கேட்கப்படுவது, எத்தனை டிகிரியில் இது சாகும் என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வி பாதிதான் என்று படுகிறது. 46ஐத் தாண்டும் மதியங்கள் மாதத்தில் எத்தனை, நடுவில் சாரல் விழும் நாட்கள் எத்தனை என்று கேட்க வேண்டும். நனைந்ததும் மூடி மெல்லத் திறக்கும். கால் வெளியே வரும், உணர்கொம்புகள் நீளும். பாறை மறுபடி காய்வதற்குள் சுரண்டித் தின்பதுதான் அடுத்த வறட்சிக்கான இருப்பு.

(அடுத்த வாரம்: பாறையில் தன் அளவுக்கே குழி பறித்துத் தினமும் அதற்கே திரும்பும் லிம்பெட்)