முகவரி சரி, இடம் பிழை

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு மாமிக்கு மூச்சுத் திணறல் வந்தது. அம்பியூலன்ஸுக்கு அழைத்து முகவரியைச் சொன்னோம். இலக்கம் 64/5, வீதியின் பெயர், ஊர் எல்லாம் சரி. ஆனால் வண்டி வீதியின் நடுப்பகுதியில், பூட்டிக் கிடந்த ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு முன்னால் போய் நின்றது. மச்சான் மோட்டார் சைக்கிளில் போய்த் தேடிக் கூட்டிவந்தார். அல்ஹம்துலில்லாஹ், மாமி இப்போது சுகம். "மெப் அங்கதான் சேர் காட்டினது" என்றார் சாரதி. அவரில் பிழையில்லை.

பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவன் என்பதால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முகவரி சரியென்றால் இடம் எப்படிப் பிழைத்தது?

முகவரியை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றும் வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். அந்த வீட்டை யாராவது முன்னரே குறித்துவைத்திருந்தால் கணினி அந்தப் புள்ளியையே தரும். இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கும். வீதித் துண்டொன்று 2இல் தொடங்கி 100இல் முடிந்தால், 50ஆம் இலக்கம் ஏறத்தாழ நடுவில் இருக்கும் என்று ஊகிக்கும். அந்தத் தரவும் இல்லாவிட்டால் வீதியின் நடுப்புள்ளி. வீதியே தெரியாவிட்டால் ஊரின் நடுப்புள்ளி. அன்றிரவு நடந்தது மூன்றாவது வகை போலும்.

இந்த நான்கு சந்தர்ப்பங்களிலும் நமது திரையில் விழுவது அதே குறிதான். கூகுளின் ஜியோகோடிங் சேவை ஒவ்வொரு விடையோடும் அது கட்டடத்தின் இடமா, ஊகமா, நடுப்புள்ளியா என்ற குறிப்பையும் செயலி தயாரிப்பவருக்குக் கொடுக்கிறது. அவர் அதை நமக்குக் காட்டாவிட்டால் நமக்குத் தெரிய வழியில்லை. விடை இருப்பது வேறு, விடை சரியாக இருப்பது வேறு. வினாத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல.

இலக்கங்கள் வரிசையாக ஓடும் நகரங்களுக்கு அந்த ஊகக் கணக்குப் பொருந்தும். நமது கிழக்கு மாகாண ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மனைவியின் உம்மும்மாவுடையது 64ஆம் இலக்க வளவு. அதில் மூத்தவளுக்கு முன்வீடு, அடுத்தவளுக்குப் பின்வீடு என்று 64/1, 64/2 ஆகப் பிரிந்து வந்து, கடைசி வீடான எங்களுடையதன் வாசல் வேறோர் ஒழுங்கையில் திறக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னாலுள்ள அந்த 5 மூன்று தலைமுறைக் கதை. கணினிக்கு அது எங்கே விளங்கப்போகிறது?

பெயர்களும் அப்படித்தான். ஒரே வீதியை ஒருவர் பள்ளிவாசல் வீதி என்பார், மற்றவர் மொஸ்க் ரோட் என்பார். பிரதான வீதியும் வைத்தியசாலை வீதியும் இல்லாத ஊர் எது? காத்தான்குடியை ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டு 'டீ' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் 'டீஎச்' போட்டு எழுதுகிறார். 2004 சுனாமிக்குப் பின்னர் வீட்டுத் திட்டங்களுக்குக் குடிபோன சிலரின் அடையாள அட்டையில் இன்னும் கடற்கரையோரப் பழைய முகவரியே இருக்கிறது.

இதற்கு மாற்று, அகலாங்கும் நெட்டாங்கும். உங்கள் வாசலில் நின்று கூகுள் வரைபடத்தில் வாசல் இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு எண்களும் கிடைக்கும். தசமப் புள்ளிக்குப் பின் 3 இலக்கங்கள் என்றால் சுமார் 110 மீற்றர் வரை நுட்பம், 4 என்றால் 11 மீற்றர், 5 என்றால் ஏறத்தாழ 1 மீற்றர். ஆகவே சொல்லும்போது கடைசி இலக்கங்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் 5 இலக்கம் இருக்கிறது என்பதற்காக உங்கள் தொலைபேசி அவ்வளவு துல்லியம் என்றும் நம்பிவிட வேண்டாம். மாடிவீடுகள் நெருங்கிய ஒழுங்கைக்குள் ஜீபீஎஸ் தடுமாறும். நீலப்புள்ளி பக்கத்து வளவில் நின்றால், வரைபடத்தில் உங்கள் கூரையைப் பார்த்துக் குறியை நீங்களே நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

இலக்கப் பலகை போடுவதும் ஒழுங்கைகளுக்குப் பெயர் வைப்பதும் உள்ளூராட்சி சபைகளின் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். மாமி அதைப் பார்த்துவிட்டு, "பேக்கரிக்காரர்ர ஒழுங்கையில கடைசி வீடு எண்டு சொன்னாக் காணாதா மகன்?" என்று கேட்டார். அதையும் கீழே எழுதிவிட்டேன்.