கொடுத்தாலும் குறையாத ஊற்று



இரத்தப் புற்றுநோயால் வாடிய ஒரு சிறுவனின் தாயார் எங்களிடம் கண்ணீரோடு கேட்டார்: "ஐயா, பெரியவளோட ஸ்டெம் செல்லை எடுத்துத் தம்பிக்கு ஏத்தணுமாம். எடுத்துட்டா அவளுக்கு என்ன மிஞ்சும்?" மகள் கல்லூரியில் படிப்பவள். உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அவளுடையது பொருந்தியிருந்தது. ஆனால் தாயாரின் மனமோ இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே தவித்தது. இதே கலக்கம் வேறு குடும்பங்களிலும் இருப்பதால், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நமது உடல் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. இவையும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் எலும்பு மஜ்ஜையில் வெகு சொற்பமாக உள்ள ஸ்டெம் செல்கள் என்னும் மூல உயிரணுக்களிலிருந்தே பிறக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் டொரன்டோ நகரின் விஞ்ஞானிகள் டில், மக்கல்லக் இருவரும் எலிகளில் செய்த சோதனைகளால் இதற்குச் சான்று காட்டினர்.

இந்த உயிரணுக்கள் தாமாகவே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அவை தங்கும் இடமே அவற்றை நடத்துகிறது என்ற கருத்தை 1978-இல் ஸ்கோஃபீல்ட் என்னும் அறிஞர் வெளியிட்டார். சுற்றியுள்ள செல்களும் தூரத்து உறுப்புகளும் மூலக்கூறுகளைச் செய்தியாக அனுப்புகின்றன. சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபொய்டின், 'சிவப்பணுக்கள் வேண்டும்' என்று மஜ்ஜைக்குச் சொல்கிறது. ஆகவேதான் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தசோகை வருகிறது. மஜ்ஜையிலேயே சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்பதோ, மூல உயிரணுக்கள் வெளியேறாதபடி நங்கூரம்போல் பிடித்து வைக்கிறது.

மகளுக்கு நாலைந்து நாட்கள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள். இதுவும் நம் உடலில் இயல்பாக உள்ள ஒரு செய்தி மூலக்கூறே. இதனால் மூல உயிரணுக்கள் பெருகுகின்றன; நங்கூரமும் தளர்கிறது. அவற்றில் ஒரு பகுதி இரத்தத்தில் இறங்கி வரும். கை நரம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அவற்றைப் பிரித்து, மீதியை உடலுக்கே திருப்பி விடுகிறார்கள். எலும்பில் வலி இருக்கும். ஊசி நின்றபின் அது தணிந்துவிடும். மஜ்ஜையில் மீந்திருப்பவை பெருகிக் குறையை நிரப்பிவிடுகின்றன.

தம்பிக்கும் இவற்றை நரம்பு வழியாகவே ஏற்றுகிறார்கள். எலும்புக்குள் செலுத்துவதில்லை. அங்கே சுரக்கும் அதே சி.எக்ஸ்.சி.எல்.12 அவற்றை மஜ்ஜைக்கு வழிகாட்டி அழைத்துக்கொள்கிறது.

இதை விளக்கியபின் தாயார் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, குடுக்கட்டும்" என்றார். மூன்றாம் வாரத்தில் தம்பியின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கின. அவன் கடக்கவேண்டிய நாட்கள் இன்னும் பல உண்டு. அக்காளோ தேர்வு எழுதக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள்.

உங்கள் சபையில் எவரேனும் இப்படிக் கொடுக்க அழைக்கப்பட்டு அஞ்சி நின்றால், தயவாய் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.