கணவாயைத் தாண்டாத பறவைகள்

சித்திரை பிறந்தால் சமவெளிக்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி ஏறுகிறார்கள். அதே சமயம் அங்கிருந்து கிளம்பும் கூட்டமும் உண்டு. குளிருக்கு வந்த வாலாட்டிகளும் கதிர்க்குருவிகளும் வடக்கே திரும்பிவிடுகின்றன. மே மாதம் முகடுகளில் காதில் விழுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பறவைகளின் குரல்தான்.

காதில் விழுவது என்று சொல்லக் காரணம் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் தொலைநோக்கி வெறும் கழுத்துச் சுமை. சோலைக்காட்டு ஓரத்தில் ஒரு கும்பல் கேலி செய்து சிரிப்பதுபோல் கேட்டால், அது நீலகிரிச் சிரிப்பான். தவிட்டுப்பழப் புதரைக் கவனியுங்கள்: வெள்ளைப் புருவம், செம்பழுப்பு நெஞ்சு.

கொடைக்கானலில் சிரிப்பது வேறு இனம். அதன் நெஞ்சு சாம்பல் நிறம். இரு மலைகளுக்கும் நடுவே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். சுமார் 40 கிலோமீட்டர் அகலம், காரில் ஒரு மணி நேரம். குளிர்ந்த உயரத்தை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெக்கை நிலம் கடலுக்குச் சமம். இந்த மலையுச்சிகளை ஆய்வாளர்கள் ‘வானத் தீவுகள்’ என்பது பொருத்தமே. சிரிப்பான்களையும், தரையோரம் திரியும் சோலைக்கிளிகளையும் (கிளி அல்ல, பூச்சி தின்னும் நீலநிறச் சிறு பறவை) ஆய்வாளர் வி.வி. ராபினின் குழு மரபணு வழியே ஆராய்ந்தது. இரண்டும் இம்மலைகளுக்கே உரிய தனிப் பேரினங்கள் என்று 2017இல் அறிவித்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் சோலைக்கிளி புதிய இனம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு அதிகம் பிடித்தது, யாரும் திரும்பிப் பார்க்காத நீலகிரி நெட்டைக்காலி. காய்ந்த புல்லின் நிறம், முதுகெல்லாம் கருங்கோடுகள். காலடியிலிருந்து விருட்டென்று எழும். தொலைவு போகாமல் பக்கத்துப் புதரில் உட்கார்ந்துகொள்ளும். புல்தூரின் அடியில், தரையிலேயே கூடு. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அதன் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

சிரிப்பான் தோட்ட ஓரங்களிலும் சமாளித்துக்கொள்ளும். நெட்டைக்காலிக்குப் புல்தான் வேண்டும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலோ 1973க்குப் பிந்தைய நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சீகை, பைன், தைல மரத் தோப்புகளும் விவசாயமும் அதை விழுங்கின. சுற்றுலா வருபவர் கண்ணுக்கு அந்தத் தோப்பும் பசுமைதான்!

பெரிய புல்வெளிகள் எஞ்சியிருப்பது முக்கூர்த்தி, எரவிகுளம் தேசியப் பூங்காக்களில். வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் எரவிகுளத்தை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் ஏப்ரலில் திறப்பார்கள். ராஜமலைப் பகுதிவரை போகலாம். அங்கே எல்லாரும் வரையாட்டோடு படமெடுக்க முண்டியடிப்பார்கள். நீங்கள் சாலையோரப் புல்லைப் பாருங்கள்.